எழுதியது யார்?

(‘டிஸ்க்கின் கதை’ தொடர் – அத்தியாயம் 17)

சென்ற வாரம் 2006 நவம்பரில், சியாட்டில் நகரத்து மாநாட்டு மேடையில் கதையை நிறுத்தியிருந்தேன். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் சேஜ் வைலும் அவருடைய குழுவும் ‘செஃப்’ என்ற சேமிப்பு முறையை அங்கே உலகத்தின் முன் வைத்தார்கள். ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பிரதிகள் எடுத்து, வேறு வேறு சர்வர்களில் போட்டு வைக்கிற ஏற்பாடு அது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்த பேரேடு கிடையாது. கணக்குப் போட்டே கண்டுபிடித்துக்கொள்ளும். ஒரு டிஸ்க் செத்தாலும், ஒரு சர்வரே செத்தாலும் தகவல் சாகாது.

கடைசி வரியில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். யாருமே எதையும் சேமிக்காத நேரத்திலும் அப்படிச் சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டத்தின், அதாவது கிளஸ்டரின், டிஸ்க் விளக்குகள் ஏன் மின்னிக்கொண்டே இருக்கின்றன?

இதே கேள்வியோடு இலஞ்சியிலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்திருந்தான். 2011இல் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் திறந்த பிறகு தென்காசி வட்டாரத்தில் சர்வர், கிளஸ்டர் என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சாகிவிட்டன. இந்தப் பையன் பேச்சோடு நிற்கவில்லை. மூடிப்போன ஓர் இன்டர்நெட் சென்டரிலிருந்து நான்கு பழைய கம்ப்யூட்டர்களை அள்ளிவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, வீட்டிலேயே செஃப் கிளஸ்டர் கட்டிவிட்டான்.

“அண்ணாச்சி, அக்கா கல்யாண வீடியோவும் போட்டோவும் மட்டும்தான் உள்ள இருக்கு. அதுக்கப்புறம் ஒரு ஃபைல்கூட நான் போடல. ஆனா எஸ்.எஸ்.டி. ஆயுசு மளமளன்னு குறையுது. யாரோ எழுதுதாங்க.”

“வைரஸா இருக்குமோ தம்பி?”

“எல்லாம் லினக்ஸு. வெளியேருந்து யாரும் உள்ள வரல, பாத்துட்டேன். ஆனா எழுத்து மட்டும் நிக்கல.”

அவனுக்குக் கடைசியில் கிடைத்த விடையை இங்கேயே போட்டுடைக்க எனக்கு மனமில்லை. அந்த விடைக்குப் பின்னால் இருபது வருடக் கதை இருக்கிறது.

*

எழுதினால் எழுதட்டுமே, அதனால் என்ன என்று கேட்பீர்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எஸ்.எஸ்.டி.யின் கதை வேறு. அதில் இருக்கும் ஃபிளாஷ் செல் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தடவைதான் அழித்து எழுத இடம் தரும். அதோடு, ஒரு சின்னப் பக்கத்தை மாற்ற வேண்டுமானாலும் பழைய இடத்தின் மேலேயே எழுத முடியாது. புதிய பக்கத்தில் எழுதி, பிறகு ஒரு பெரிய தொகுதியாகத்தான் அழிக்க வேண்டும். அழிக்கும் முன் அந்தத் தொகுதியில் உயிரோடு இருக்கும் தகவலை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். அந்த நகர்த்தலும் ஓர் எழுத்துதான். நீங்கள் ஒன்று எழுதினால் உள்ளே இரண்டு, மூன்று என்று பெருகும்.

இதற்குக் கொடுத்த விலை பகிரங்கமானது 2021 பிப்ரவரியில். டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. மோட்டாரிலோ பேட்டரியிலோ கோளாறு இல்லை. நடுவிலிருக்கும் தொடுதிரைக்குப் பின்னால் 8 ஜி.பி. ஃபிளாஷ் சிப் ஒன்று. வண்டி ஓடிய வருடமெல்லாம் அதில் எழுதி எழுதி, சிப் தேய்ந்துபோனது. திரை இருண்டது, பின்பக்க கேமராவின் காட்சியும் அதோடு போனது. பெரும் பணம் செலவழித்து வடிவமைத்த கார், வெறும் எழுத்தால் கண்ணிழந்தது.

எனவே கேள்வி வேடிக்கையானதில்லை. எழுதுவது யார் என்று பிடித்தாக வேண்டும். பிடிக்கப் போனவர்களுக்கு என்ன ஆனது?

*

அதற்கு முன் குற்றாலம்.

2024 மே 17, பழைய குற்றாலம். கோடை விடுமுறைக் கூட்டம் அருவியில் குளித்துக்கொண்டிருந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் வெள்ளம் பாய்ந்து, ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அருவியடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது எங்கிருந்தோ வந்த வெள்ளம். பெய்தது மலையில், இறங்கியது இங்கே. இந்தப் பக்கத்து ஆள் யாரிடமாவது கேளுங்கள், தண்ணீரின் நிறம் மாறினாலே கரையேறிவிடுவோம் என்பார். அருவியடியில் நின்று அதன் காரணத்தைத் தேட முடியாது. ஆற்றோடு மேலே ஏறத்தான் வேண்டும்.

டிஸ்க்கில் விழும் எழுத்தும் இப்படித்தான். விழுகிற இடத்தில் அதன் காரணம் இருக்காது. கீழே ஃபிளாஷ் சிப், அதற்கு மேல் லினக்ஸின் கோப்பு முறை, அதற்கு மேல் தரவுத்தளம், அதற்கு மேல் செஃப். இப்படி அடுக்கடுக்காக ஏற வேண்டும். ஏறிப் பார்க்க முதலில் துணிந்தவர்கள் லேப்டாப்காரர்கள்.

*

2004. லேப்டாப் பேட்டரியை மிச்சப்படுத்த, டிஸ்க்கைச் சுழலாமல் தூங்கவைக்கும் வசதி லினக்ஸில் சேர்ந்தது. தூங்குகிற டிஸ்க்கை எந்த நிரல் எழுப்புகிறது என்று காட்டிக்கொடுக்க, கூடவே ‘பிளாக் டம்ப்’ என்ற ஒற்றனையும் வைத்தார்கள். யார் எழுதினாலும் அந்த நிரலின் பெயரை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் குறித்துவைக்கும்.

ஒற்றனை ஏவினார்கள். டிஸ்க் முன்னைவிட வேகமாக எழுத ஆரம்பித்தது!

விஷயம் இதுதான். ஒற்றன் குறித்துவைத்த தகவலை சிஸ்டத்தின் லாக் எழுதும் நிரல் எடுத்து டிஸ்க்கில் எழுதும். அது ஓர் எழுத்து அல்லவா? ஒற்றன் அதையும் குறிப்பான். அந்தக் குறிப்பும் டிஸ்க்குக்குப் போகும். அதையும் குறிப்பான். இதனால்தான் லினக்ஸ் ஆவணத்திலேயே ஓர் எச்சரிக்கை வைத்தார்கள்: ஒற்றனை ஏவும் முன் லாக் எழுதும் நிரலை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இல்லாத எழுத்தை நீங்களே உண்டாக்குவீர்கள் என்று. துப்பறியும் தொழிலில் இப்படியோர் எச்சரிக்கை நான் வேறெங்கும் படித்ததில்லை. பிளாக் டம்ப் இப்போது இல்லை. 2021இல் கர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதைவிடக் கூர்மையான கருவிகள் வந்துவிட்டன.

இலஞ்சித் தம்பியும் அப்படியொரு கருவியைத்தான் ஓடவிட்டான். ‘ஐஓடாப்’ என்று பெயர். எந்த நிரல் எவ்வளவு எழுதுகிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும். வரிசையின் உச்சியில் ‘ஜேபிடி2’, அதற்குக் கீழே ‘கேவொர்க்கர்’ என்று சில பெயர்கள். இரண்டும் கர்னலின் சொந்த வேலைக்காரர்கள். நிரல்கள் எழுதச் சொல்வதெல்லாம் முதலில் நினைவகத்தில் சேரும். கொஞ்ச நேரம் கழித்து இந்த வேலைக்காரர்கள் மொத்தமாக அள்ளி டிஸ்க்கில் கொட்டுவார்கள். கருவி பிடிப்பது கொட்டியவனைத்தான். எழுதச் சொன்னவன் அதற்குள் கூட்டத்தில் கலந்திருப்பான்.

எழுதியவன் ஒருவன், எழுதவைத்தவன் இன்னொருவன். டிஸ்க்கைத் துப்பறிகிறவர்களின் பாதி நாள் இந்த இடைவெளியில்தான் போகிறது.

*

2007. இந்த முறை பிடிபட்டது இன்னும் விசித்திரமான ஆள்.

யூனிக்ஸ் காலத்திலிருந்தே ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நேரங்களைக் குறித்துவைப்பது வழக்கம். அதில் ஒன்று, அந்தக் கோப்பைக் கடைசியாகப் படித்த நேரம். நீங்கள் ஒரு கோப்பைத் திறந்து வெறுமனே படித்தாலும் ‘இப்போது படிக்கப்பட்டது’ என்று டிஸ்க்கில் எழுதியாக வேண்டும். படிப்பதே எழுத்தாகிவிட்டது! ஹங்கேரியைச் சேர்ந்த கர்னல் நிபுணர் இங்கோ மோல்னார் அந்த ஆகஸ்டில் இதைப் போட்டு விளாசினார். லினக்ஸின் வேகத்தைக் கெடுப்பதில் இதற்கு மிஞ்சி ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் அதில் கலந்துகொண்டார்.

உடனே தூக்கிவிடவும் முடியவில்லை. வந்த மின்னஞ்சல் படிக்கப்பட்டதா இல்லையா என்று அந்த நேரத்தை வைத்து முடிவுசெய்யும் பழைய நிரல்கள் இருந்தன. கடைசியில் ஒரு சமரசம் எட்டினார்கள். கோப்பு மாறிய பிறகு முதல் தடவை படித்தால் குறி. இல்லையென்றால் ஒரு நாளைக்கு ஒரு தடவை குறித்தால் போதும். 2009இல் வந்த லினக்ஸ் 2.6.30இலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஒரு சின்ன விதியைத் திருத்த இரண்டு வருடம்.

தம்பியின் கம்ப்யூட்டர்களில் இருந்தது புதிய லினக்ஸ். ஆகவே இந்த ஆள் குற்றவாளி இல்லை. இன்னும் ஓர் அடுக்கு மேலே ஏறினோம். செஃப்பின் வயிற்றுக்குள்.

*

இங்கேதான் கதையின் பெரிய துரோகம் இருக்கிறது. துரோகம் என்பது என் சொல். செஃப்பை எழுதியவர்கள் இதைப் பாதுகாப்பு என்பார்கள்.

சேஜ் வைல் ஆரம்பத்தில் செஃப்புக்கென்று டிஸ்க்கில் எழுதும் பகுதியையும் தானே எழுதினார். பின்னர் அதைக் கைவிட்டு, லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் கோப்பு முறையின் மேலேயே செஃப்பை உட்காரவைத்தார். மற்றவர்கள் பல வருடம் உழைத்துப் பக்குவப்படுத்தியதை ஏன் மறுபடி எழுத வேண்டும் என்ற நியாயம்தான். ‘ஃபைல்ஸ்டோர்’ என்று அந்த அமைப்புக்குப் பெயர்.

சிக்கல் ஒரு நுணுக்கத்தில் இருந்தது. செஃப்புக்கு ஒரு மாற்றம் என்றால் பல சின்னச் சின்ன மாற்றங்களின் கட்டு. கட்டு முழுவதும் நடக்க வேண்டும், அல்லது எதுவுமே நடக்கக் கூடாது. பாதியில் கரண்ட் போனால் பாதி மாறி நிற்கக் கூடாது. கோப்பு முறை இந்த உத்தரவாதத்தைத் தரவில்லை. எனவே செஃப் என்ன செய்தது? எதைச் செய்யப்போகிறோம் என்பதைத் தகவலோடு சேர்த்து முதலில் ‘ஜர்னல்’ என்ற குறிப்பேட்டில் எழுதிவைத்தது. பிறகு அதே தகவலை அதன் சரியான இடத்தில் எழுதியது. ஒரே தகவல், இரண்டு எழுத்து. மூன்று பிரதி என்றால் ஆறு. இது போதாதென்று கீழே இருக்கும் கோப்பு முறைக்கும் சொந்த ஜர்னல் ஒன்று உண்டு.

ஒரு தடவை சேமித்த கல்யாண போட்டோ ஆறு தடவைக்கு மேல் எழுதப்படும். நிரலில் பிழை என்று ஒன்றுமில்லை. எல்லாம் திட்டப்படி.

இந்த நிலை ஏறத்தாழப் பத்து வருடம் நீடித்தது. இடையில் சேஜ் வைல் இங்க்டேங்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2014இல் அதை ரெட் ஹேட் வாங்கி, செஃப் உலகமெங்கும் பெரிய பெரிய கூடங்களில் ஓட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் கோப்பு முறையைத் தூக்கியெறிந்து, டிஸ்க்கில் நேரடியாக எழுதும் ‘புளூஸ்டோர்’ வந்தது. 2017 ஆகஸ்டில் வந்த லூமினஸ் பதிப்பில் அதுவே இயல்பான தேர்வாயிற்று. எங்கே ஆரம்பித்தாரோ அங்கேயே திரும்பி வந்தார் வைல். 2019இல், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அபுதாலிப் அகாயெவ் முதலானவர்களோடு சேர்ந்து, இந்தப் பத்து வருடப் பாடத்தை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். பரவலான சேமிப்புக்கு அடித்தளமாக இருக்கக் கோப்பு முறைகளுக்குத் தகுதியில்லை என்று தலைப்பிலேயே அடித்துச் சொல்லும் கட்டுரை. தன் பத்து வருட முடிவைத் தானே மறுத்து எழுதுவது கணினி உலகில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

இரட்டை எழுத்து ஒழிந்ததா? பெரிய எழுத்துகளில் ஒழிந்தது. ஆனால் புளூஸ்டோர் எது எங்கே இருக்கிறது என்ற விவரங்களை வைத்துக்கொள்ள ஒரு சின்னத் தரவுத்தளத்தை வயிற்றில் சுமக்கிறது. அதன் பெயர் ராக்ஸ்டிபி. அங்கே இன்னொருவன் உட்கார்ந்திருந்தான்.

*

அவன் பிறந்தது 1996இல். பேட்ரிக் ஓ’நீல் முதலான நால்வர் ஒரு புதிய வழியைச் சொன்னார்கள். வருகிற மாற்றங்களை அவ்வப்போதே சரியான இடம் தேடிச் செருகாதீர்கள். வந்த வரிசையில் எழுதித் தள்ளுங்கள், பிறகு ஓய்வாக ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றார்கள். எழுத்து மின்னல் வேகமானது. கூகுளில் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் எழுதி 2011இல் வெளிவந்த லெவல்டிபி இந்த வழிதான். ஃபேஸ்புக்கில் துருபா போர்த்தாகூர் அதிலிருந்து ராக்ஸ்டிபியைத் தொடங்கினார்.

ஆனால் அந்த ‘பிறகு’ என்று ஒரு நேரம் வந்தே தீரும். தள்ளிய அடுக்குகளையெல்லாம் எடுத்து, கலந்து, வரிசைப்படுத்தி, மறுபடி எழுத வேண்டும். இதற்கு ‘கம்பாக்‌ஷன்’ என்று பெயர். நீங்கள் எழுதி முடித்துத் தூங்கப் போன பிறகும் பின்னணியில் அது ஓடும். ஒரே தகவல் அடுக்கு மாறும்போதெல்லாம் மறுபடி மறுபடி எழுதப்படும்.

செஃப்பில் இது இன்னோர் இடத்திலும் உண்டு. கிளஸ்டரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கண்காணிக்கும் ‘மானிட்டர்’கள் தங்களுக்குள் ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு முடிவையும் இதே போன்ற தரவுத்தளத்தில் எழுதுகின்றன. கிளஸ்டரின் வரைபடம் மாறும்போதெல்லாம் புதிய பதிப்பு ஒன்று சேரும். எல்லா டிஸ்க்குகளும் நலம் என்று உறுதியாகும்வரை பழைய பதிப்புகளை வெட்டித் தள்ள மாட்டார்கள்.

இதை நான் சொன்னதும் தம்பி நிமிர்ந்தான். “அண்ணாச்சி, எங்க மானிட்டர் ராத்திரியில வீங்கி, காலையில மெலியுதே!”

*

அதன் பிறகு கருவிகளை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். பகலில் எழுத்து மெல்லிய சாரலாக இருந்தது. மானிட்டர், கம்பாக்‌ஷன், லாக் என்று கணக்குச் சொல்ல முடிந்த எழுத்து. இரவு பத்தே முக்காலுக்கு அது கொட்ட ஆரம்பித்தது. தினமும் அதே நேரம்.

செஃப்பில் ஒரு விதி உண்டு. ஒரு டிஸ்க் பதில் சொல்லாமல் போனால், இயல்பான அமைப்பில் 600 விநாடி பொறுத்துப் பார்க்கும். அதற்குள் திரும்பாவிட்டால் செத்ததாக முடிவுகட்டி, அதிலிருந்த துண்டுகளுக்கு மற்ற டிஸ்க்குகளில் புதிய பிரதிகளை எழுத ஆரம்பிக்கும். பத்தே முக்காலிலிருந்து பத்து நிமிடத்தைக் கழித்தால் பத்து முப்பத்தைந்து. அந்த நேரத்து லாக்கை எடுத்தோம். நான்காவது கம்ப்யூட்டர் மறைந்துபோயிருந்தது. எல்லா இரவும்.

மூன்று கம்ப்யூட்டர்கள் மச்சில் இருந்தன. இடமில்லாமல் நான்காவதைக் கீழே பட்டாசலில் வைத்திருந்தான். தூங்கப் போகும் முன் வீட்டைச் சுற்றி ஒவ்வொரு சுவிட்சாக அணைப்பது அவன் ஆச்சியின் வழக்கம். விடிந்ததும் வாசல் தெளித்துவிட்டு வந்து போட்டுவிடுவார். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானாக எழுந்துவிடும். தம்பி கண்விழிக்கும்போது நான்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஆக, கல்யாண வீடியோ ஒவ்வொரு இரவும் மூன்று கம்ப்யூட்டருக்குள் இடம்பெயர்ந்து, ஒவ்வொரு காலையும் நான்காவதுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

“ராத்திரி பூரா நாலு பெட்டியும் எரியணுமால? ஒண்ண அணைச்சா கரண்டு மிச்சம்லா?” என்றார் ஆச்சி.

பராமரிப்புக்காக ஒரு சர்வரை நிறுத்தும்போது, ‘யாரையும் செத்ததாக முடிவுகட்டாதே’ என்று செஃப்புக்குச் சொல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது, ‘நோஅவுட்’. அனுபவசாலிகள் மறக்காமல் போடுவார்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் எடுப்பார்கள். ஆச்சிக்கு அதைக் கற்றுத்தர முடியாது. நான்காவது பெட்டி மச்சுக்கு ஏறிவிட்டது. இரவுக் கொட்டல் அன்றோடு நின்றது. பகல் சாரல் இன்றைக்கும் இருக்கிறது, இருக்கத்தான் செய்யும்.

*

ஒரு வீட்டில் ஒரு சுவிட்சுக்கே இந்தப் பாடு என்றால், சில ஆயிரம் சர்வர்கள் இருக்கும் இடத்தில்?

2013இல் ஃபேஸ்புக்கின் மாபெரும் சேமிப்புக் கூடம் ஒன்றை அளந்து பார்த்தார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் காணாமல் போகும் சர்வர்கள் அங்கே நாளொன்றுக்கு நடுமதிப்பில் ஐம்பதுக்கு மேல். அவற்றை ஈடுகட்ட, ஒரு சர்வர் அடுக்கிலிருந்து (ராக்) இன்னோர் அடுக்குக்குத் தினமும் ஓடிய தகவல் நடுமதிப்பில் 180 டெராபைட். எந்தப் பயனாளரும் கேட்காத போக்குவரத்து. இடத்தை மிச்சப்படுத்த, தகவலில் ஒரு பகுதிக்கு முழுப் பிரதிகளைக் கைவிட்டு, 1960இல் ரீடும் சாலமனும் கண்டுபிடித்த கணித முறைக்கு மாறியிருந்ததுதான் இதை இவ்வளவு பெரிதாக்கியது. அந்த முறையில் தொலைந்த ஒரு துண்டை மீட்க, உயிரோடு இருக்கும் பத்துத் துண்டுகளை இழுத்துவர வேண்டும்.

அந்த ஆய்வின் முதல் பெயர் கே. வி. ரஷ்மி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்துவிட்டு கலிஃபோர்னியா போனவர். ஒன்றை மீட்கப் பத்து எதற்கு என்ற கேள்வியை அவரும் நண்பர்களும் பெங்களூரிலேயே, பேராசிரியர் பி. விஜய் குமாரோடு சேர்ந்து, எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு என்ன விடை கண்டார்கள் என்பது அடுத்த வாரம்.

அதற்குள் வாசகர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எஸ்.எஸ்.டி.யின் நலக்குறிப்பைத் திறந்து, இதுவரை மொத்தம் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்ற எண்ணைக் குறித்துவையுங்கள். அடுத்த இதழ் வரும் நாளில் அந்த எண் மறுபடி தேவைப்படும்.

(தொடரும்)